அவிக்க முடியாத கடலை

கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமில், ஒரு சமூக மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் இலவச உணவுச் சந்தையை ஒழுங்குபடுத்துவது 2021 முதல் என் பணி. 2022 ஒக்டோபரில் பிரித்தானியாவின் பணவீக்கம் 11.1 சதவீதமாகி, 41 ஆண்டுகளில் காணாத உயரத்தைத் தொட்டது. அடுத்த மார்ச்சில் உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் 19 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் வேலைக்குப் போகும் சீருடையோடு வந்தவர்களை எங்கள் வரிசையில் நான் முதன்முதலாகக் கண்டேன். முதியோர் இல்லத்தில் இரவுப் பணியை முடித்துவிட்டு உறங்காமலே வந்து நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அதுவரை நாங்கள் நடத்தியது பெட்டி முறை. மருத்துவரோ பாடசாலையோ தந்த பரிந்துரைச் சீட்டைக் கொண்டுவருபவருக்கு, மூன்று நாட்களுக்குப் போதுமான உணவை நாங்களே பொதிசெய்து கொடுப்போம். இந்நாட்டு உணவு வங்கிகள் பலவற்றின் நடைமுறையும் அதுவே. ஒருநாள் மாலை மண்டபத்தைப் பூட்டிவிட்டு வரும்போது, பேருந்துத் தரிப்பிடத்தின் அருகிலுள்ள மதிலில், எங்கள் பெட்டியில் இருந்த பன்றியிறைச்சி ரின்கள் இரண்டும் ஒரு பாஸ்தாப் பொதியும் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எறிந்துவிட்டுப் போகவில்லை, வேறு யாருக்காவது உதவட்டும் என்று வைத்திருக்கிறார்கள். "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை என்பதும், என்ன வேண்டும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவேயில்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

வந்தவர்களே கூடையோடு நடந்து தெரிவுசெய்யும் சந்தையாக அதை மாற்றியபோது, முதலில் வருபவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் உண்மையிலேயே பயந்தேன். அந்தப் பயத்துக்காக இன்றும் வருந்துகிறேன். பெரும்பாலானவர்கள் நாங்கள் பெட்டியில் வைத்துக் கொடுத்ததைவிடக் குறைவாகவே எடுத்தார்கள்.

காலையில் பல்பொருள் அங்காடிகளின் மிகுதிப் பொருட்கள் வந்திறங்கியதும் திகதி பார்ப்பதுதான் முதல் வேலை. இன்ன நாளுக்கு முன் உண்பது சிறந்தது என்ற குறிப்பு தரத்தைப் பற்றியது. அந்த நாள் கடந்தாலும் கொடுக்கலாம். இன்ன நாளுக்குள் உண்ண வேண்டும் என்றிருந்தால் அது பாதுகாப்பைப் பற்றியது. அந்த நாள் கடந்த பொருளை எவர் கேட்டாலும் கொடுப்பதில்லை.

பொருட்களை அடுக்கிவைக்கும் எங்கள் தட்டுகளின் ஒழுங்கையே மாற்றியவர் ஓர் அம்மா. உலர்ந்த கொண்டைக்கடலைப் பொதியொன்றைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். கடலை பிடிக்காதா அம்மா என்று கேட்டேன். "பிடிக்காமல் என்ன பிள்ளை, இது அவிய ஒரு மணித்தியாலம் வேணுமே. மீற்றரில காசில்லை" என்றார். முன்கூட்டியே காசு போட்டால்தான் அவர் வீட்டில் எரிவாயு வரும். மலிவானது, சத்தானது என்று நாங்கள் பெருமையோடு அடுக்கிவைத்த பொருள் அவருடைய அடுப்புக்கு எட்டாததாக இருந்தது. நான் எடுத்துக் கொடுத்த அவித்த கடலை ரின் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

அடுத்த கிழமையே பொருட்களைச் சமைக்கும் நேரப்படி பிரித்து அடுக்கினோம். அடுப்பே இல்லாமல், கேத்தலில் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்றி உண்ணக்கூடியவற்றுக்கு ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கினோம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கதவு திறந்து அரை மணித்தியாலத்துக்குள் முதலில் வெறுமையாவது இப்போதும் அந்தத் தட்டுத்தான்.