சரக்கு வந்தது வேறு, பெற்றுக்கொண்டது வேறு

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் சரக்கு வண்டிகள் வரிசை கட்டும். ஓட்டுநர் சலான் புத்தகத்தை, அதாவது சரக்கு ஒப்படைப்புச் சீட்டை, நீட்டுவார். "அண்ணே, ஒரு சீலப் போட்டு விடுங்கண்ணே, இன்னும் ரெண்டு எடத்துல எறக்கணும்." செக்யூரிட்டி சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கிழித்து வைத்துக்கொள்வார். 120 கட்டு அட்டைப்பெட்டி என்று சலானில் இருக்கும். எண்ணிப் பார்த்தாரா என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. அது அவர் வேலையும் இல்லை. வண்டி வந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

ஆனால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த ஒரு சீலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். சரக்கு வந்ததா, எத்தனை வந்தது, நல்ல நிலையில் வந்ததா, பணம் தர வேண்டிய நாள் எப்போது தொடங்கியது என்று நாலு கேள்விக்கும் அதுவே பதிலாக நிற்கும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் "பெறப்பட்ட நாளிலிருந்து 30 நாளில் பணம்" என்று ஒரு வரி இருக்கும். எது பெறப்பட்ட நாள் என்று யாரும் எழுதுவதில்லை. ஜூன் 3 அன்று கேட்டில் சீல் விழுகிறது. 5-ஆம் தேதி ஸ்டோர்ஸில் எண்ணுகிறார்கள். 11-ஆம் தேதி குவாலிட்டி ஆள் பார்க்கிறார். 12-ஆம் தேதி ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு) போடுகிறார்கள். பில் அக்கவுண்ட்ஸ் மேசைக்கு வரும்போது 16. விற்றவர் ஜூலை 3-ஐ எதிர்பார்த்துக் காத்திருப்பார். வாங்கியவரின் கணக்குப் பிரிவு ஜூலை 16 என்று குறித்து வைத்திருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு 'பெறுதலை' மனதில் வைத்திருக்கிறார்கள்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. ஒப்படைப்பு ஒன்று, ஏற்பு இன்னொன்று. முன்பே பார்க்காத சரக்கைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது 41-ஆவது பிரிவு. எப்போது ஏற்றதாகும் என்பதை 42-ஆவது பிரிவு சொல்கிறது. வாயாலோ எழுத்தாலோ ஏற்றேன் என்று சொன்னால் ஆயிற்று. சரக்கைத் தன்னுடையதுபோல் பயன்படுத்திவிட்டாலும் ஆயிற்று. நியாயமான காலம் தாண்டியும் மறுக்காமல் வைத்துக்கொண்டாலும் ஆயிற்று.

நடைமுறையில் சறுக்குவது இரண்டாவதில்தான். மசாலா கம்பெனிக்கு வந்த பெட்டியில் பசை சரியில்லை என்று தெரிகிறது. ஆனாலும் லைன் நிற்கக் கூடாதென்று 40 கட்டைப் பிரித்துப் பேட்ச் எண் அடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு "சரக்கை நாங்கள் ஏற்கவேயில்லை" என்று கடிதம் எழுதினால் அது நிற்பது கடினம். நஷ்டஈடு கேட்கலாம், திருப்பி எடுத்துக்கொண்டு போ என்பது பெரும்பாலும் போயிற்று.

மூன்றாவதில் வரும் 'நியாயமான காலம்' சரக்குக்குச் சரக்கு மாறும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் எடுத்த மல்லிகையைப் பற்றி மத்தியானம் குறை சொன்னால் சிரிப்பார்கள். ரப்பர் வாஷருக்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

லாரி ஷெட் வழியாகப் போகும் சரக்கில் இன்னொரு சிக்கல். விற்றவர் அனுப்பத்தான் ஒப்பந்தம் என்றால், லாரிக்காரரிடம் ஒப்படைத்ததே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் பார்வையில் கொள்ளப்படும். அது 39-ஆவது பிரிவு. அதனால்தான் லாரி ரசீதைக் காட்டி "எல்.ஆர். போட்டாச்சு, இனி எங்க பொறுப்பு இல்ல" என்று விற்றவர் துணிந்து சொல்கிறார். வாங்குபவர் இதை விரும்பவில்லை என்றால் ஆர்டரிலேயே "எங்கள் கோடவுனில் இறக்கி, எண்ணி முடித்த பிறகே ஒப்படைப்பு" என்று எழுத வேண்டும். 'டோர் டெலிவரி' என்ற இரண்டு சொல்லை நம்பி இருக்கக் கூடாது. அது வாடகை யார் தருவது என்பதைத்தான் சொல்கிறது என்று எதிராளி வாதிட இடம் இருக்கிறது.

வழியில் உடைந்தால் லாரிக்காரர்மேல் வழக்குப் போட 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. எழுத்து மூலமான நோட்டீஸ், சரக்கு புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் போயிருக்க வேண்டும். கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

சரி, கேட்டுக்குத் திரும்புவோம். "சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெறப்பட்டது" என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய. நல்லதுதான், ஆனால் அதைக் குத்திவிட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தால் ஸ்டாம்ப் காப்பாற்றாது. அதைவிடப் பேனாவால் எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்: "116 கட்டு மட்டும் வந்தது. 4 குறைவு. 2 கட்டு நனைந்துள்ளது. மாலை 5.40." கீழே வண்டி எண், ஓட்டுநர் கையெழுத்து. இதை எல்லா நகல்களிலும் எழுத வேண்டும். தன் நகலில் மட்டும் எழுதி வைத்துக்கொள்வதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஓட்டுநர் கொண்டுபோன நகலில் 120 என்று சுத்தமாக இருக்கும்; பிறகு எழுதிச் சேர்த்தது என்ற பேச்சு வரும்.

விற்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் கணக்கே வேறு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 'ஏற்பு நாள்' என்பதை ஒப்பந்தத்தின் விருப்பத்துக்கு விடாமல் தானே வரையறுத்துவிட்டது. சரக்கு உண்மையில் ஒப்படைக்கப்பட்ட நாளே ஏற்பு நாள். 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால் மட்டும், அந்த ஆட்சேபத்தை விற்றவர் சரிசெய்த நாளுக்கு அது தள்ளிப்போகும். 15 நாளும் எழுத்தில் ஒன்றும் வராவிட்டால் ஒப்படைத்த நாளிலேயே ஏற்றதாகக் கொள்ளப்படும்.

மேலே சொன்ன ஜூன் 3-க்கே வருவோம். ஆட்சேபம் எழுத ஜூன் 18 வரை நேரம். ஒப்பந்தத்தில் 60 நாள், 90 நாள் என்று என்ன எழுதியிருந்தாலும் உச்சம் 45 நாள்தான். ஜூலை 18 தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் ஜூன் 18-க்குள் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. ஜி.ஆர்.என். தேதிக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. "சரக்கு சரியில்லைன்னு அன்னைக்கே போன்ல சொன்னோமே" என்பதற்கும் இடமில்லை. குறித்த காலத்துக்குள் தராத தொகையைத் தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் பிறகுதான் பல ஆடிட்டர்கள் பில்லோடு சலானையும் கேட்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். சரக்கு வண்டிக்காக ஜி.எஸ்.டி.யின் கீழ் இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லில் 72 மணி நேரத்துக்குள் மறுக்காவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு விதி இருக்கிறது. அதைக் காட்டி "மூணு நாள் ஆச்சு, இனிக் குறை சொல்ல முடியாது" என்பார்கள். அது போர்ட்டலில் உள்ள விவரத்தைப் பற்றிய விதி. பசை ஒட்டியதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காகிதம் போய்ச் சேர்வதற்கு வேறு நியாயம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, தபாலில் சம்மதம் எழுதினால், அது எழுதியவரின் கையை விட்டுப் போன கணமே சம்மதம் கேட்டவரைக் கட்டுப்படுத்தும். எழுதியவரையோ, சம்மதம் கேட்டவருக்கு அது தெரியவந்த பிறகுதான் கட்டுப்படுத்தும். போனில் பேசி முடித்த வியாபாரத்துக்கு இது பொருந்தாது, சம்மதம் காதில் விழுந்த இடத்தில்தான் ஒப்பந்தம் என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மின்னஞ்சலுக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தால், மெயில் அதற்குள் நுழைந்த நேரமே பெற்ற நேரம். திறந்து படித்தாரா என்பது கேள்வியில்லை. குறித்துக் கொடுத்த முகவரி இருக்கும்போது பர்ச்சேஸ் மேனேஜரின் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்த்த நேரம்தான் பெற்ற நேரம். ஆகவே முகவரியை ஒப்பந்தத்தில் எழுதுவது நல்லது. ஆள் பெயரில் இல்லாமல் பொறுப்பின் பெயரில் ஒரு முகவரி வைத்துக்கொண்டால், ஆள் வேலையை விட்டுப் போனாலும் பெட்டி இருக்கும். ஸ்பாம் பகுதியைத் தினம் ஒருமுறை பார்க்க ஒருவரைச் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்ததை மட்டும் நம்பிக் காலக்கெடு எண்ண வேண்டாம்; அதை நீக்கிவிடவும் முடியும், வராமல் அமைத்துக்கொள்ளவும் முடியும்.

தபால் நோட்டீஸில் முகவரிதான் உயிர். சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் விட்டால், வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தில் சேர்ந்ததாகக் கொள்ள 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் இடம் தருகிறது. சட்டப்படி தரும் நோட்டீஸுக்கான விதி அது. காசோலை திரும்பிய வழக்குகளில் 'வாங்க மறுத்தார்', 'வீடு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு திரும்பிய உறையும் சேர்ந்ததாகவே கருதப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தின்படி தரும் நோட்டீஸுக்கு இந்த வசதி வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது பத்திரம். "சர்ச் எதிரில், மேலூர் ரோடு" என்று மட்டும் எழுதினால் இந்தச் சலுகையெல்லாம் ஆட்டம் காணும். கதவு எண், பின்கோடு, ஒப்பந்தத்தில் உள்ள அதே எழுத்து. திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வையுங்கள்.

பணம் பெற்ற நாளை நீட்டி முழக்க வேண்டியதில்லை. வங்கிப் பரிமாற்றத்துக்கு, கணக்கில் ஏறிய நாள் என்று எழுதிவிடுங்கள். காசோலை பாஸானால் அதைக் கையில் கொடுத்த நாளே பணம் தந்த நாள் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நீதிமன்றத்தில் உண்டு. அது வேண்டாமென்றால் அதையும் எழுத வேண்டும்.

கடைசியாக 'வேலை நாள்'. மதுரையில் இருப்பவர் பெங்களூர்க்காரரோடு "மூன்று வேலை நாளுக்குள் ஆட்சேபம்" என்று ஒப்பந்தம் போடுகிறார். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று சரக்கு பற்றிய மெயில் வருகிறது. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, ஆபீஸில் ஆள் இல்லை, பாதிப் பேர் வைகையில் நிற்கிறார்கள். ஆனால் அந்த விடுமுறையை, வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கீழ் அறிவிப்பதில்லை என்பதால் வங்கிகள் திறந்திருக்கும். ஒப்பந்தத்தில் "வங்கிகள் இயங்கும் நாள்" என்று இருந்தால் முதல் நாள் ஓடிவிட்டது. "பெறுபவரின் அலுவலகம் இயங்கும் நாள்" என்று இருந்தால் மறுநாள்தான் மெயில் வந்ததாகக் கணக்கு.