குட்டி நாற்காலி வகுப்பு

டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில், ஒரு பாப்டிஸ்ட் சபையின் ஞாயிறு பள்ளிக் கட்டடத்தில் திங்கட்கிழமைதோறும் எட்டு ஆண்டுகள் ஆங்கிலமும் பேச்சுக்கலையும் கற்பித்தேன். மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் என்று ஒன்றின் வாசலை மிதித்ததே இல்லை. வீட்டில் தாயிடம் படித்து வளர்ந்த அந்தக் கிறிஸ்தவப் பிள்ளைகளை, தாய்க்குக் கைவராத ஒன்றிரண்டு பாடங்களுக்காக மட்டும், பெற்றோர்கள் கூட்டாக நடத்தும் 'கோ-ஆப்' வகுப்புக்கு வாரம் ஒருநாள் அனுப்புவார்கள். எங்களுக்குக் கிடைத்த அறை ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு உரியது. சுவரில் நோவாவின் பேழை. கீழே முழங்காலுக்கு மேல் உயராத குட்டி நாற்காலிகள். ஆறடிப் பையன்கள் முட்டி முகவாயில் இடிக்க அவற்றில் உட்கார்ந்து 'ஹாம்லெட்' படித்தார்கள். பேசுகிறவர் குறிப்பு வைத்துக்கொள்ளப் பாடகர் குழுவின் இசைத்தாங்கி ஒன்று இருந்தது.

டெக்சாஸில் வீட்டுப்பள்ளி என்பது சட்டத்தின் பார்வையில் தனியார் பள்ளி. லீப்பர் வழக்கில் 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அரசிடம் பதிவு இல்லை, அரசுத் தேர்வு இல்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றை ஒரு பாடத்திட்டத்தின்படி உண்மையாகக் கற்பித்தால் போதும். கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பெண் பட்டியலையும் தாயே தயாரித்துத் தாயே கையெழுத்திடுவார். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வின் பதிவெண்ணை இன்றும் உறக்கத்தில் சொல்லக்கூடிய எனக்கு இது ஜீரணமாகச் சில காலம் ஆயிற்று. ஒரு மாணவனுக்கு நான் போட்ட 71 மதிப்பெண் அவனுடைய பட்டியலில் 90 ஆகியிருந்ததைப் பின்னர் தற்செயலாகப் பார்த்தேன். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. சட்டப்படி பள்ளி அந்தத் தாய்தான். நான் அவர் அமர்த்திக்கொண்ட டியூஷன் டீச்சர்.

வேலையில் சேரும் முன் விசுவாச அறிக்கை ஒன்றில் கையெழுத்திடச் சொன்னார்கள். அதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. நேர்காணலில் ஒரு தாய் மிகுந்த அன்போடு, உங்கள் குடும்பம் எப்போது கிறிஸ்துவை அறிந்துகொண்டது என்று கேட்டார். எந்த மிஷனரியின் கைபிடித்து நேற்றுக் கரையேறினீர்கள் என்ற தொனி அந்தக் கேள்வியில் இருந்ததாக எனக்குப் பட்டது. என் சொந்த ஊர் பாளையங்கோட்டை. மிஷனரி ரேனியஸ் ஐயர் அங்கே வந்து இறங்கியது 1820-இல். டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்தது 1845-இல். இந்தக் கணக்கை நான் அவரிடம் சொல்லவில்லை, வேலை வேண்டியிருந்தது. எங்கள் தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி வெளியில் பேசப்படுவதில் பாதிதான் உண்மை. கூச்சம் பிடித்தவர்கள், மனிதரோடு பழகத் தெரியாதவர்கள் என்பார்கள். நான் கண்டதோ, பெரியவர்களோடு கண்ணைப் பார்த்து, 'யெஸ் மேம்' என்று நிதானமாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளை. நூலகத்திலிருந்து கூடை கூடையாகப் புத்தகம் எடுத்து வந்து வளர்ந்தவர்கள் ஆகையால் வாசிப்பில் அவர்களுக்கு அலுப்பே கிடையாது. கெடு என்பதுதான் அவர்களுக்கு அந்நியமாக இருந்தது. கட்டுரையைத் திங்கட்கிழமை கொடு என்றால், தம்பிக்குக் காய்ச்சல், ஆடு குட்டி போட்டது, அப்பாவோடு கூரை வேய்ந்தோம் என்று மெய்யாகவே நடந்த காரணங்களோடு வந்து நிற்பார்கள். வீட்டில் அதெல்லாம் பாடத்தில் சேர்த்தி.

ஷேக்ஸ்பியரை அவர்கள் எதிர்கொண்ட விதம் எனக்கு வியப்பாக இருந்தது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தை அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் செய்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஏறத்தாழ அதே காலத்து நாடக மொழி நாக்கில் புரண்டது. 'தவ்', 'ஹாத்', 'ஷால்ட்' என்ற பழைய ஆங்கிலச் சொற்கள் எதிலும் அவர்கள் தடுமாறவில்லை. ஆனால் ஓரிடத்தில் அந்தப் பழக்கமே குறுக்கே நின்றது. கடவுளை அழைக்கும் சொல்லாகவே கேட்டு வளர்ந்ததால் 'தவ்' என்பதை மரியாதைச் சொல் என்று நினைத்திருந்தார்கள். 'ஹாம்லெட்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டதாக ராணி தன் மகனிடம் 'ஹாம்லெட், தவ் ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்' என்கிறாள். அவன் அதே குற்றச்சாட்டை 'மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்' என்று திருப்பிக் கொடுக்கிறான். தாய் மரியாதையாகப் பேசுகிறாள், மகன் சாதாரணமாகப் பேசுகிறான் என்றாள் ஒரு மாணவி. நான் பலகையில் தமிழ் எழுத்திலேயே 'நீ', 'நீங்கள்' என்று எழுதிக் காட்டி, எங்கள் மொழியில் இந்த வேறுபாடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றேன். தாய் 'நீ' என்கிறாள். மகன் 'நீங்கள்' என்கிறான். எங்கள் வீட்டில் தாயை 'நீ' என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை ஒருநாள் திடீரென்று 'நீங்கள்' என்றால், அது மரியாதை அல்ல, கதவைச் சாத்துவது என்றேன். அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. அந்த மாணவி வரியைத் திரும்பப் படித்தபோது 'யூ' என்ற சொல்லில் குளிர் ஏறியிருந்தது. ஆங்கிலம் கற்பிக்க எனக்குத் தமிழ் இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

பேச்சு வகுப்பின் சிக்கலும் கிட்டத்தட்ட இதுவே என்று பிறகு புரிந்தது. யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பது. அவர்களுடைய உரைகளில் 'நாம் அனைவரும் அறிந்தபடி' என்ற தொடர் சராசரியாகப் பத்தி ஒன்றுக்கு ஒருமுறை வந்தது. கேட்பவர் எல்லாரும் ஒரே வேதாகமத்தை ஒரே விதமாய் நம்புகிறவர்கள் என்பது அவர்கள் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட அடித்தளம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டிலும் சபையிலும் திங்கட்கிழமை வகுப்பிலும் அதுவரை அவர்கள் பேச்சைக் கேட்டவர்கள் அத்தகையவர்களே. எனக்கும் அது புதிதல்ல. பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு அப்பா எழுதிக் கொடுப்பார். 'அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே' என்று தொடங்கி, எதிரே இருக்கும் முகங்களைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒப்பித்து, கோப்பை வாங்கி வந்தவள் நான். அப்பா எழுதினார், இங்கே அம்மா எழுதுகிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

வீட்டுப்பள்ளிக் கிறிஸ்தவ மாணவர்களுக்கென்றே நாடளாவிய பேச்சு, விவாதப் போட்டிகள் உண்டு. 1990களின் நடுவில் வீட்டுப்பள்ளிச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கிய போட்டிகளிலிருந்து வளர்ந்த என்.சி.எஃப்.சி.ஏ. ஓர் அமைப்பு, 2009-இல் தோன்றிய ஸ்டோவா மற்றொன்று. அவற்றில் 'அப்பாலஜெட்டிக்ஸ்', அதாவது விசுவாசத்துக்காக வாதாடுதல், என்று ஒரு பிரிவு இருக்கிறது. விசுவாசம் குறித்த கேள்வி ஒன்று கைக்கு வரும். நான்கு நிமிடம் ஆயத்தம், ஆறு நிமிடம் உரை. என் மாணவன் ஒருவன் அதற்காக, சமையல் குறிப்பு வைக்கும் தகரப் பெட்டியில் கேள்விக்கு ஓர் அட்டையாக, வசனங்களும் மேற்கோள்களுமாக நுணுக்கி எழுதி அடுக்கி வைத்திருந்தான். நினைவாற்றலிலும் குரலிலும் அவனுக்கு இணையானவரை நான் அதிகம் கண்டதில்லை. நடுவர்களில் பாதிக்குமேல் பெற்றோர்கள். மிச்சம் ஊரிலிருந்து அழைத்து வந்த தன்னார்வலர்கள். ஒரு சுற்றில் அவனைக் கேட்டவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற மனிதர். அண்டை வீட்டார் கூப்பிட்டார்களே என்று வந்தவர். அவர் எழுதிக் கொடுத்த தாளில் பாராட்டாக இரண்டு வரி, அதன் கீழே ஒரு வரி: பரிசுத்தமாகுதல் என்று ஏழு முறை சொன்னாய், அது என்னவென்று ஒருமுறையும் சொல்லவில்லை.

பையன் கொதித்துப் போனான். அவருக்குத் தெரியாதது என் குற்றமா என்று கேட்டான். நானும் அப்போது சட்டென்று பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். மறு வாரம் பாடத்திட்டத்தை ஒதுக்கிவிட்டு, வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் 13-ஆம் அதிகாரத்தையும் 17-ஆம் அதிகாரத்தையும் அச்செடுத்துக்கொண்டு போனேன். இரண்டிலும் பேசுகிற அப்போஸ்தலன் பவுல் ஒருவர்தான். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் பேசும்போது எகிப்து, வனாந்தரம், சவுல், தாவீது என்று இஸ்ரவேலின் சரித்திரத்தை வரிசையாய்ச் சொல்லி, சங்கீதத்தையும் ஏசாயாவையும் ஆபகூக்கையும் எடுத்துக் காட்டுகிறார். கிரேக்கரின் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்து மார்ஸ் மேடையிலோ ஆபிரகாமும் இல்லை, மோசேயும் இல்லை. ஊரைச் சுற்றி வந்தபோது கண்ட பலிபீடத்தில் தொடங்குகிறார். 'உங்கள் புலவர்களிலும் சிலர்' என்று அவர்களுடைய கவிஞனின் வரியையே சான்றாக்குகிறார். இரண்டு உரையிலும் மேற்கோள்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசச் சொன்னேன். ஒரு தாள் மஞ்சளாய் நிறைந்தது. மற்றதில் ஒரே ஒரு கீற்று. அறிந்த வசனங்களை அவர் ஏன் அங்கே சொல்லவில்லை, வெட்கப்பட்டாரா என்று கேட்டேன். தகரப் பெட்டிக்காரன் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர் முதலில் அந்த ஊரில் நடந்து பார்த்திருக்கிறார், மேம்" என்றான்.

நடந்து பார்க்க இவர்களுக்கு ஊர் வேண்டுமே. என் தோழி ஒருத்தி, மதுரைக்காரி, மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள், தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவள். அவளை ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுக்க வைத்து அழைத்துப் போனேன். தகரப் பெட்டிக்காரன் கிருபையைப் பற்றி ஆறு நிமிடம் பேசினான், முன்பைவிட எவ்வளவோ தெளிவாக. முடிந்ததும் தோழி, தகுதி இல்லாதவனுக்கும் கடவுள் இரங்குகிறார் என்பதை நானும் கோயிலில் கேட்டுத்தான் வளர்ந்தேன், நீ சொல்வது அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று கேட்டாள். அவள் மனத்தில் இருந்தது 'அருள்'. என் மனத்தில் 'கிருபை'. ஆங்கிலத்தில் இருவருக்கும் வாயில் வந்தது 'கிரேஸ்' என்ற ஒரே சொல். பையன் இசைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டியில் அதற்கு அட்டை இல்லை. இடையில் புகுந்து காப்பாற்ற என் நாக்குத் துடித்தது. கையைக் கட்டிக்கொண்டு நோவாவின் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தேன். கடைசியில் அவன், "நீங்கள் அதைக் கேட்டு வளர்ந்த விதத்தை முதலில் சொல்ல முடியுமா, மேம்?" என்றான். அவள் சொன்னாள். அவன் உட்கார்ந்து குறிப்பு எடுத்தான். வகுப்பு முடிய வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்தும் பேச்சு முடியவில்லை. இருவரும் அவரவர் நம்பிக்கையில் ஓர் அங்குலமும் நகரவில்லை. நகர்த்துவது என் வேலையும் அல்ல.

அன்று மாலையே செய்தி நிர்வாகக் குழுவுக்குப் போய்விட்டது. இரண்டு தாய்மார்கள் கவலைப்பட்டார்கள் என்று பண்பாகவே சொன்னார்கள். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பதே யார் அவனிடம் பேசுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே என்ற அவர்களுடைய நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. முன்கூட்டிச் சொல்லாதது என் பிழை, அதை ஒப்புக்கொண்டேன். அதன்பின் வெளியார் எவர் வந்தாலும் இரண்டு வாரம் முன்னதாகப் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று விதி வந்தது.

அடுத்த பருவத்துக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரை அழைக்க நினைத்தேன். எந்தச் சபைக்கும் போகாதவர், எதையும் விளக்கம் கேட்காமல் விடாதவர். படிவத்தில் விருந்தினர் கற்பிக்கப்போகும் பொருள் என்று ஒரு கட்டம் இருந்தது. கற்பிக்க வரவில்லை, கேட்க வருகிறார் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் கையெழுத்தோடு திரும்பி வந்த படிவத்தின் ஓரத்தில், அவருக்குப் பெரிய நாற்காலி ஒன்று போடட்டுமா என்று யாரோ பென்சிலால் கேட்டிருந்தார்கள்.