அப்பாவின் பம்பும் என் அடையாள அட்டையும்

போன மாதம் கச்சான் தோட்டத்துக்கு வாட்டர் பம்ப் விலை பார்க்க அப்பா என் போனில் தேடினார். ஒரேயொரு தரம்தான். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் பம்ப் விளம்பரம். "பிள்ளை, நாங்கள் கதைக்கிறதை இது ஒட்டுக் கேக்குது" என்று அம்மம்மா போனைத் தலையணைக்கு அடியில் வைக்கத் தொடங்கிவிட்டா.

கேட்க வேண்டிய தேவையே இல்லை அம்மம்மா! குக்கி என்ற சின்னக் குறிப்பைத் தளங்கள் நம் பிரவுசரில் எழுதி வைக்கின்றன. 1994இல் லூ மொன்டுலி என்ற கணினிப் பொறியாளர் இதை உருவாக்கியது, வந்த ஆளைத் தளம் மறக்காமல் இருக்கத்தான். பிறகு விளம்பரக்காரர் அதையே பிடித்துக்கொண்டு தளத்துக்குத் தளம் பின்னால் வரத் தொடங்கினார்கள். ஆண்ட்ராய்டு போனில் இதோடு விளம்பர ஐடியும் உண்டு, விளம்பரக்காரர் நம் போனை அடையாளம் காண்கிற ஒரு குறியீடு. செட்டிங்ஸில் தேடிப் பிடித்து அழித்துவிட்டேன். விளம்பரம் நிற்காது, ஆள் பார்த்து வருவது குறையும்.

சரி, என்னை உலுக்கியது வேறு. இலங்கையின் புதிய தேசிய அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் 4 பிறந்த ஆண்டு. அடுத்த 3, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணைக் கொடுத்தால் பிறந்தநாளையும் கொடுத்தாயிற்று. நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று விபரம் எழுதிக் கொடுத்தே பழகிய வன்னிச் சனம் நாங்கள், ஏன் என்று கேட்பதில்லை. நானும்தான். போட்டோகொப்பிக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய என் அட்டைப் படம் அங்கேயே கிடந்தது. நேற்று சைக்கிளில் போய்க் கேட்டேன்.

"அழிச்சிட்டன் தங்கச்சி" என்று அண்ணை போனைக் காட்டினார். அடுத்த சாட்டில் யாருடையதோ பாஸ்போர்ட்.