பெரிங் கடல் நாட்குறிப்பு

ஜூன் 4

அலாஸ்காவின் டச்சு ஹார்பர் துறைமுகத்தை விட்டு பிரிஸ்டல் விரிகுடாவுக்கு வந்தாயிற்று. கடலடியில் மீனும் நண்டும் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்கும் கோடை ஆய்வு இது. கிழக்கு பெரிங் கடலை 20 கடல் மைல் சதுரங்களாக வெட்டி, சதுரத்துக்கு ஒருமுறை வலையை இழுப்போம். 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகம், 30 நிமிடம். 1982 முதல் இதே மாதிரி வலைதான்.

படகு, வாடகைக்கு எடுத்த மீன்பிடிப் படகு. தளத்தில் வேலை செய்யும் பையனுக்குப் பொறுக்கவில்லை. "எக்கோ சவுண்டரில் மீன் கும்பலாகத் தெரிகிறதே, கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் மீனைத் தேடித் தேடி வலை போட்டால், கடலில் மீன் குறைந்தாலும் மடி (மீன் சேரும் வலைப்பை) நிறைந்துகொண்டே இருக்கும். குறைந்த விஷயம் கடைசி வரை தெரியாது. அதனால் நட்சத்திர மீன் மட்டும் வந்தாலும் எடை போட்டு எழுதுகிறோம்.

ஜூன் 9

மடியை அவிழ்த்ததும் மேசை முழுக்கத் தட்டை மீன், பெரும்பாலும் யெல்லோஃபின் சோல். இனம் பிரித்து, எடை போட்டு, எண்ணி, வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா பார்த்து, நீளம் அளந்து முடிப்பதற்குள் அடுத்த சதுரம் வந்துவிடுகிறது.

ஜூன் 10

பெரிய அலை. வலை போடவில்லை. தூங்கினேன்.

ஜூன் 23

பொல்லாக் வந்தது. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் 'நண்டுக் குச்சி' என்று விற்பது பெரும்பாலும் இந்த வகை வெள்ளை மீனை அரைத்துச் செய்ததுதான். நண்டுக்கும் அதற்கும் வாசனை உறவு மட்டுமே!

செவிக்கல், அதாவது மீனின் உள்காதில் இருக்கும் சிறு கல், எடுக்க என்னை உட்கார வைத்தார்கள். தலையைக் குறுக்கே அறுத்து, மூளைக்குக் கீழே இடுக்கியை விட்டால் இருபுறமும் ஒவ்வொன்று, விரல் நக அளவில் வெள்ளையாக வருகிறது. சோடியாகக் குப்பியில் போட்டு எண் ஒட்ட வேண்டும். சியாட்டில் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கல்லின் வளர்ச்சி வளையங்களை எண்ணி மீனின் வயது சொல்வார்கள்.

ஜூலை 12

வலையின் மேல்கயிற்றில் கட்டிய வெப்பமானி, அடியில் 2 டிகிரி செல்சியஸுக்கும் கீழே காட்டியது. குளிர்காலப் பனிக்கட்டி விட்டுப்போன குளிர்நீர்த் திட்டுக்குள் வந்துவிட்டோம். நண்டைத் தின்னும் காட் மீனும், பொல்லாக்கும் இந்தக் குளிருக்குள் வராமல் ஒதுங்கிப் போகும். இளம் பனி நண்டுக்கு அதுவே காவல்.

2018-ல் பனிக்கட்டி மிகவும் குறைந்து இந்தத் திட்டு ஏறக்குறைய காணாமலே போனது. 2020-ல் கொரோனாவால் ஆய்வே நடக்கவில்லை. 2021-ல் வலை போட்டபோது நண்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. 1,000 கோடிக்கும் மேல் மறைந்துவிட்டதாகக் கணக்கு. 2022 அக்டோபரில் பனி நண்டுப் பிடிப்பை முதன்முறையாக மூடினார்கள். வெதுவெதுப்பான நீரில் உடம்புக்குக் கூடுதல் தீனி வேண்டும், கூட்டமோ பெருத்திருந்தது. பட்டினிதான் காரணம் என்கிறது பின்னால் வந்த ஆய்வு. எனக்கு உறுத்துவது அந்த 2020 இடைவெளி. அந்தக் கோடையில் வலை போட்டிருந்தால் ஒரு வருடம் முன்பே சேதி தெரிந்திருக்கும்.

இன்றைய மேசையில் இளம் பனி நண்டுகள். ஓட்டின் அகலத்தை ஒவ்வொன்றாக அளந்ததில் கையுறை கிழிந்தது. நாளை மேற்கே அடுத்த வரிசை. திருக்கை நிறைய வருமாம். புதுக் கையுறை கேட்டு வாங்க வேண்டும்.