அக்குவாபா செதுக்கிய அனுபவம்: கை ஒடிந்த முதல் பொம்மையும் தேறிய இரண்டாவதும்

கானா நாட்டு அசாந்தே மக்களின் அக்குவாபா பொம்மையைக் குமிழ் மரத்தில் செதுக்கத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. அங்கே குமாசி நகருக்கு அருகிலுள்ள அக்வியா என்னும் ஊர் மரச்செதுக்குக்குப் பெயர் போனது. அங்குள்ளவர்கள் வாய்ச்சியால் (மரம் செதுக்கும் கைக்கோடாலி போன்ற கருவி) மளமளவென்று முடித்துவிடும் வேலைக்கு, நக உளியும் கொட்டாப்புளியும் மட்டுமே பழகிய எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

குழந்தைப் பேறில்லாத அக்குவா என்ற பெண், பூசாரி சொன்னபடி ஒரு சிறு மரக்குழந்தையைச் செய்வித்து, அதை முதுகில் கட்டிச் சுமந்து பெற்ற பிள்ளையைப் போலவே பேணினாள் என்றும், ‘அக்குவாவின் பிள்ளை’ என்று ஊரார் செய்த கேலியே பொம்மைக்குப் பெயராக நின்றது என்றும், பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்றும் அசாந்தேயரை உள்ளடக்கிய அகான் மக்களிடையே கதை வழங்குகிறது. அக்குவா என்பது புதன்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர்கள் இடும் பெயர். ‘பா’ என்றால் பிள்ளை. குலம் தாய்வழியில் செல்வதால் பொம்மையும் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும்.

சுமார் 30 செ.மீ. உயரம், தட்டையான வட்டத் தலை, வளையம் வளையமான கழுத்து, பக்கவாட்டில் நீட்டிய குட்டைக் கைகள் என்று உருவம் எளிமையாகத்தான் தெரிகிறது. முதல் பொம்மையில் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கைகளைச் சற்று நீளமாகவும் மெலிதாகவும் இழைத்தேன். மரத்தின் நார் தலையிலிருந்து அடிவரை நெடுக்காக ஓட, கைகளோ அதற்குக் குறுக்கே நிற்கின்றன. உப்புத்தாள் போடும்போது இடக்கை ‘பட்’டென்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மூலப் பொம்மைகளின் கைகள் அடியில் பருத்துக் கூம்பு போலக் குட்டையாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமாக இருக்காது என்று அப்போதுதான் தோன்றியது.

இரண்டாவதில் கைகளைக் குறுக்கினேன். அதிக நேரத்தை விழுங்கியது கழுத்துதான். அந்த வளையங்கள் செழிப்பான உடலின் சதை மடிப்புகள். அழகுக்கும் ஆரோக்கியத்துக்கும் அடையாளம். ஒவ்வொரு பள்ளத்தையும் மேலிருந்து பாதியும் கீழிருந்து பாதியுமாக, நடுப்பள்ளத்தை நோக்கியே வெட்ட வேண்டும். உளியை ஒரே வாக்கில் ஓட்டினால் எதிர்ப்பக்க விளிம்பு சிலும்பாகப் பெயர்ந்துவிடுகிறது. முகத்தில் வேலை குறைவு: புருவமும் மூக்கும் ஒரே கோட்டில் இணைய, எல்லா உறுப்புகளும் வட்டத்தின் கீழ்ப்பாதிக்குள் அடங்கிவிடுகின்றன. மீதியெல்லாம் நெற்றி, அகன்று உயர்ந்த நெற்றியே அவர்கள் போற்றும் அழகு.

கருமை ஏற்றுவதற்கு முன், ஒரு துண்டால் பொம்மையை என் முதுகோடு கட்டிப் பார்த்தேன். வட்டத் தலை அட்டை போல முதுகில் படிந்து, நடந்தாலும் குனிந்தாலும் எங்கும் உறுத்தவில்லை. உருண்டைத் தலையாக இருந்திருந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

விளக்குக் கரியை ஆளி விதை எண்ணெயில் குழைத்து இரண்டு முறை பூசியாயிற்று. இடையில் கட்ட ஒரு சரம் பாசிமணி மட்டும் பாக்கி. இடப் புருவம் வலப் புருவத்தைவிட ஒரு நூல் மேலே ஏறியிருக்கிறது; சரிசெய்யப் போனால் நெற்றி குறைந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.