கிரில்லுக்குத் தொப்பை போட்ட கதை

எனக்கும் என் கேஸ் கிரில்லுக்கும் ஒரே வருஷத்தில்தான் தொப்பை போட்டது. என்னுடையதைச் சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொண்டேன். கிரில்லுக்கு அந்த வசதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, மூன்று கம்பித்தட்டுகளில் நடுவில் இருந்தது 'டமால்' என்று சாப்பாட்டோடு பர்னர் மேல் போய் விழுந்தது.

டேப் வைத்து அளந்தேன். கம்பித்தட்டு உட்கார முன்சுவரிலும் பின்சுவரிலும் ஒரு சென்டிமீட்டர் விளிம்புதான் உண்டு. முன்சுவரோ நடுவில் 18 மில்லிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. விழாமல் என்ன செய்யும்?

காரணம் யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முந்தின வாரம் 'சுத்தம் செய்கிறேன்' என்று எல்லா பர்னரையும் முழுசாகத் திறந்துவிட்டு, மூடியைப் போட்டுவிட்டு, பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று உள்ளே போனேன். ஒரு போன் வந்தது. பேச்சு சுவாரசியமாகப் போக, மாதக்கணக்காக நான் வழித்தெடுக்காத அடிக்கொழுப்பு இங்கே தானாகப் பற்றிக்கொண்டது. திரும்பி வந்தபோது தெர்மாமீட்டர் முள் கடைசி எண்ணையும் தாண்டி, போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. கேஸை அடைத்தேன். தண்ணீர் ஊற்றவில்லை, மூடியையும் திறக்கவில்லை. கொழுப்புத் தீக்கு இந்த இரண்டும் ஆகாது என்று தெரிந்து செய்ததாக அப்புறம் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் பயத்தில் கால் நகரவில்லை.

பழைய கிரில்களில் பலவற்றுக்கு, பர்னர்கள் உட்காரும் அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியம். இரும்பாக இருந்தால் பழுத்துச் சிவந்து ஒரு எச்சரிக்கையாவது கொடுக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவை அதற்கும் முன்னாலேயே. அதுவரை பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாது, முகத்தில் ஒன்றும் காட்டாது. ஆனால் 300 டிகிரியிலேயே அதன் பலம் பெரும்பாலும் போய்விடும். அமைதியாக இருந்துவிட்டு ஒருநாள் ஒட்டுமொத்தமாக உட்கார்ந்துவிடும் சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் உண்டே, அந்த ரகம்.

மச்சான் வந்து உதவுவதாகச் சொல்லியிருந்தான். அவன் வருவதற்குள் முடித்துக் காட்டலாம் என்று ரப்பர் சுத்தியலை எடுத்தேன். இரண்டு தட்டு தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். வார்ப்பு அலுமினியம் ஆறிக் கிடக்கும்போது வளையாது, விரிசல் விடும். விளிம்பிலிருந்து கீழே ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தலைமுடி மாதிரி ஒரு கோடு.

மச்சான் வந்தான், கோட்டைப் பார்த்தான், சுத்தியலைப் பார்த்தான். "மாமா, நீங்க சும்மா உக்காந்திருந்தா பாதி வேலை மிச்சம்."

முதலில் சிலிண்டரைக் கழற்றித் தூரமாகக் கொண்டுபோய் வைத்தான். விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டான். விரிசலின் கூர்முனையில்தான் இழுவிசை குவிகிறது, அங்கே வட்டமாக ஒரு துளை வந்துவிட்டால் அது மேலே ஓடாது என்றான். பிறகு பெட்டியின் முன்னாலும் பின்னாலும் வெளிப்பக்கமாக ஆளுக்கொரு இரும்பு ஆங்கிள் வைத்து, பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் த்ரெட் ராடு, அதாவது நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பி, கோத்து நட்டு மாட்டினான். பெட்டிக்கு இடுப்புப் பட்டை கட்டின மாதிரி இருந்தது.

அடுத்து சூடேற்ற வேண்டும். எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி. "வீட்ல சோப்பு இருக்கா?" என்றான். நான் குளியலறையிலிருந்து உறை பிரிக்காத புது சோப்பைக் கொண்டுவந்து, உப்பிய சுவரில் அழுத்தித் தேய்த்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அதைக் குளிப்பாட்டிட்டுத்தான் ரிப்பேர் பண்ணணுமா?"

அலுமினியத் தகடு வளைக்கிறவர்களின் பழைய உத்தியாம் இது. சூடு ஏற ஏற சோப்புக்கோடு பழுப்பாகிக் கறுக்கும். கறுத்துவிட்டால் உலோகம் சொன்ன பேச்சைக் கேட்கும் பதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேலும் காட்டினால் பெட்டி உதிர்ந்து கையோடு வரும். மச்சான் புளோ டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே இருந்தான். கோடு கறுத்ததும், "இப்ப அரைச் சுத்து. அந்தப் பக்கமும் அரைச் சுத்து" என்றான். நான் ஸ்பானரோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். மறுபடி சூடு, மறுபடி அரைச் சுத்து. ஒன்றரை மணி நேரத்தில் 18 மில்லிமீட்டர் 4 ஆனது. "போதும், ஆசைப்பட்டா மறுபடி டிக்குதான்" என்று நிறுத்திவிட்டான். ஆங்கிளைக் கழற்றாமல் தானாக ஆறவிட்டோம்.

விரிசல் மேல் உள்பக்கமாக ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைத்து போல்ட் போட்டோம். தகட்டில் துளைகளை வேண்டுமென்றே நீள்வட்டமாக ராவச் சொன்னான். அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும். அரை மீட்டர் பெட்டி 250 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், இறுக்கிக் கட்டினால் வேறு எங்காவது பிளந்துகொள்ளும். துளை ராவியது மட்டும்தான் இந்த மொத்த வேலையில் நான் உருப்படியாகச் செய்தது.

சிலிண்டரை மாட்டி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வரவில்லை என்று பார்த்துவிட்டுப் பற்றவைத்தோம். ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக, சோம்பலாக எரிந்தது. அணைத்து, ஆறவிட்டுக் கழற்றினால், காற்று போகும் குழாய்க்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பெட்டி உருகப்போன அன்றைக்கு அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இத்தனை நடந்த பிறகு குடிவந்திருந்தால் அதன் தைரியம் எனக்கு இல்லை.

கம்பித்தட்டுகள் மூன்றும் ஒழுங்காக உட்கார்ந்தன. கடைசியில் மூடியைப் போட்டால் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி! அன்றைய சூட்டில் மூடியும் பெட்டியோடு சேர்ந்து உப்பியிருக்கிறது. இப்போது பெட்டிக்குத் தொப்பை கரைந்துவிட்டது, மூடிக்கு அப்படியே இருக்கிறது. புகை அந்த வழியாக நேராக என் முகத்துக்கு வந்தது.

"சரி, மூடிக்கு எப்போ?" என்றாள் மனைவி.

மச்சான் ஆங்கிளையும் த்ரெட் ராடையும் கையில் வைத்துக்கொண்டு மூடியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "முதல்ல மாமாவுக்குப் போட்டுப் பாக்கலாம் அக்கா. சோப்பு மட்டும் இன்னொன்னு எடுத்துட்டு வாங்க."