பாம்பன்: நாலு எழுத்தா, ஏழா?

தங்கச்சிமடத்துக்கு வந்த அக்கா மகள் பள்ளிக்கூடக் கட்டுரையை நான் நிரல் எழுதுற விஎஸ் கோடு எடிட்டர்ல அடிச்சுட்டு, "மாமா, எழுத்துக் கணக்கு தப்பா வருது"ன்னா. பார்த்தா, அதுல எழுத்து எண்ணுற நீட்சி (எடிட்டர்ல சேர்த்துக்கிற கூடுதல் நிரல்) "பாம்பன்" 7னு காட்டுது. கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடுல துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு, அதனால 7. நமக்கு அது 4 எழுத்துதானே!

அந்த நீட்சி திறமூலம், அதோட நிரலை யாரும் பார்த்துத் திருத்தி அனுப்பலாம். கணக்கையே மாத்தி அனுப்பிடலாம்னுதான் முதல்ல தோணுச்சு. ஆனா குறியீட்டு எண்ணிக்கையை நம்பி வேலை பார்க்கிறவங்களும் இருக்காங்க. அவங்க திரையில திடீர்னு எண் மாறக் கூடாது. அதனால பயனரே தேர்ந்தெடுக்கிற செட்டிங்கா வச்சேன். நீட்சியோட விவரங்கள் இருக்கிற பேக்கேஜ்.ஜேசான் கோப்புல "கான்ட்ரிப்யூட்ஸ்" பகுதிக்குள்ள "கான்ஃபிகரேஷன்". அதுல வகை, இயல்பு மதிப்பு, விளக்கம். தேர்வுகளை "எனம்"ங்கிற (enum) பட்டியல்ல கொடுத்தா செட்டிங்ஸ் பக்கத்துல கீழிறங்கு பட்டியல் தானா வந்துடும். இயல்பு மதிப்பு பழைய கணக்கேதான்.

நிரலைவிட அந்த ஒருவரி விளக்கம்தான் அதிக நேரம் எடுத்துச்சு. புதுசா வர்றவர் அதை மட்டும்தானே படிப்பார்?

செட்டிங் மாறினதும் விண்டோவைத் திரும்பத் திறக்காமலே எண்ணிக்கை மாறணும்னு நீட்சியைப் பராமரிக்கிறவர் கேட்டார். நியாயமான கேள்வி. ராத்திரி வாடைக் காத்துல மாடியில உட்கார்ந்து செட்டிங் மாறினதைக் கவனிச்சு உடனே திரும்ப எண்ணுற நிரலையும் சேர்த்து அனுப்பினேன்.

காலையில என் மாற்றத்தை நீட்சியோட இணைச்சுட்டாங்க. அவ பள்ளிக்கூடம் விட்டு வரட்டும், முதல்ல அவகிட்டதான் காட்டணும்.